கூண்டு ஏறியது சரி, எண் எங்கே?

திரையில்: கடலூர் துறைமுகக் கொடிமரம். பின்னணியில், மாதிரிக்காக ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு.

"அண்ணே, துறைமுகத்துல கூண்டு ஏத்திட்டாங்க. நாளைக்கு ராத்திரி கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரையைக் கடக்குதாம். தேவனாம்பட்டினத்துல எல்லாரையும் கிளம்பச் சொல்லுங்க."

புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எந்த எண்? 1 என்றால் எங்கோ தொலைகடலில் புயலுக்கான அறிகுறி. 8, 9, 10 பெரும் அபாயம். 11 என்பது பத்தைவிடப் பெரிய புயல் இல்லை. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். எண்ணை எடுத்துவிட்டால் எல்லாக் கூண்டும் ஒன்றுதான்.

அடுத்தது அந்த 'நாளைக்கு'. எந்தத் தேதிக்கு நாளை? தேதி இல்லாத பதிவு பழசாவதே இல்லை. அடுத்த மழைக்கும் அப்படியே ஓடும். 2011இல் 'தானே' புயல், 2024இல் 'ஃபெஞ்சல்' புயல் இரண்டையும் பார்த்த கரை இது. இங்கே யாரும் நம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

திரையில்: இரட்டை அம்புக்குறி, பெரிதாக.

வாட்ஸ்அப்பில் இந்த இரட்டை அம்பு வந்தால், தகவல் குறைந்தது ஐந்து கை மாறியிருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் அதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். ஓட்டை எங்கே என்றால், எழுத்தை காப்பி செய்து ஒட்டினாலோ, வீடியோவை சேமித்து மறுபடி ஏற்றினாலோ அம்பு போய்விடும். அம்பு இல்லை என்பதால் அனுப்பியவரே எடுத்தது என்று எண்ண வேண்டாம்.

2018இல் இந்தியா முழுக்கச் சுற்றிய குழந்தைக் கடத்தல் வீடியோ, கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். பைக்கில் வந்தவர்கள் குழந்தையைத் திரும்ப விட்டுவிட்டு விழிப்புணர்வு வாசக அட்டையைக் காட்டும் கடைசிக் காட்சியை யாரோ வெட்டிவிட்டார்கள். அந்த வதந்தி பரவிய மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவரை அடித்தே கொன்றார்கள். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோதும் வாட்ஸ்அப் வதந்தி குறுக்கே வந்தது. தமிழ்நாட்டில் முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

கடற்கரையில் சேதம் வேறு மாதிரி. பொய்யான சுனாமிச் செய்தியில் ஒரு நாள் தொழில் போகும். அது நாலு முறை நடந்தால் 'புலி வருது' கதைதான்: உண்மையான எச்சரிக்கைக்கு யாரும் வீட்டைவிட்டு நகர மாட்டார்கள்.

திரையில்: வெள்ள வீடியோ, நிறுத்திய நிலையில்.

வெள்ள வீடியோ வந்தால் நிறுத்திப் பாருங்கள். தண்ணீரைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். நிற்கும் வண்டிகளில் டிஎன் 31 என்றால் கடலூர், பிஒய் 01 என்றால் புதுச்சேரி. வெளியூர் வண்டி ஒன்று எங்கும் நிற்கலாம். வரிசையாக கேஎல் என்றால் சந்தேகப்படுங்கள். கடைப் பலகை தெரியும் இடத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். கலங்கிய தண்ணீர் மட்டும் உள்ள படத்தைப் போட்டால் ஊர் ஊராகப் பொருந்தும்.

குரல் பதிவை இப்படித் தேட வழியில்லை. வானிலை மையத்தின் அறிக்கையைத் திறந்து, வெளியிட்ட தேதியும் நேரமும் இருக்கிறதா, புயல் புதுச்சேரியிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று சொல்கிறதா என்று பாருங்கள். சுனாமி என்றால் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற தேசியக் கடல் தகவல் மையம்தான் அறிவிக்கும்.

"இது நிஜமா?" என்று கேட்டு அதே பதிவைக் குரூப்பில் போடாதீர்கள், அதுவும் ஒரு ஃபார்வர்டுதான். தேதியுள்ள அறிக்கையை மட்டும் போடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. வெளியூரிலிருந்து கூப்பிட்டால் முன்னால் கடலூருக்கு 04142, புதுச்சேரிக்கு 0413.