செகிரோ, பலாட்ரோ, ஃபேக்டோரியோ: எல்லாரும் புகழ்ற கேம்ல நான் மட்டும் ஏன் பாதியில நிக்கிறேன்?

அடுத்த கேள்வியைப் படிக்கிறேன். "வணக்கம் அண்ணா. ஆஃபர்ல வாங்கின அஞ்சு கேம் என்கிட்ட இருக்கு. செகிரோ, பலாட்ரோ, ஃபேக்டோரியோ, கிரான் டூரிஸ்மோ 7, ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். செகிரோவுல கெனிசிரோங்கற பெரிய எதிரியைத் தாண்ட முடியல. பலாட்ரோவுல நாலாவது ஆன்டிங்கற கட்டத்துலயே செத்துடறேன். ஃபேக்டோரியோவுல கரண்ட் மொத்தமா போயிடுது. மத்த ரெண்டும் அப்படியே கிடக்கு. இதெல்லாம் நிஜமாவே நல்ல கேம்தானா? உங்க கருத்து என்ன? எதை முதல்ல திரும்ப எடுக்கலாம்?"

தம்பி, முதல் கேள்விக்கு நேரா பதில் சொல்லிடறேன். அஞ்சுமே நல்ல கேம். அதுல மூணு, அந்தந்த வகையில உச்சம்னே சொல்வேன். நீங்க நிக்கிற இடத்தைப் பார்த்தா திறமைக் குறைவு மாதிரி தெரியல. வேற கேம்ல பழகின கையை அப்படியே இங்க கொண்டுவர்றீங்க, அவ்வளவுதான். ஒவ்வொண்ணா பார்ப்போம்.

செகிரோ 2019 மார்ச்ல வந்தது. டார்க் சோல்ஸ் செஞ்ச ஃப்ரம்சாஃப்ட்வேர்தான் இந்தக் கத்திச் சண்டை கேமையும் செஞ்சதுங்கறதால டார்க் சோல்ஸ் ஆடினவங்க நிறைய பேர் இதுக்குள்ள வந்தாங்க, வந்து உருண்டு உருண்டு செத்தாங்க. டார்க் சோல்ஸ்ல அடி வரும்போது விலகணும். இங்க விலகினா தோல்விதான். ஏன்னா எதிரியோட உயிரைக் குறைக்கறது இங்க பாதி வேலைதான், அவன் நிலையைக் குலைக்கணும். திரைக்கு மேல நடுவுல ஆரஞ்சு நிறத்துல ஒரு கோடு நீளுது பாருங்க, அதுதான் பாஸ்சர். அது நிறைஞ்சா உயிர் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ஒரே குத்துல முடிச்சிடலாம். நீங்க பின்னாடி ஓடற ஒவ்வொரு நொடியும் அந்தக் கோடு சுருங்கி பழையபடி ஆயிடுது. கெனிசிரோகிட்ட இன்னொரு தொல்லை, தூரத்துல நின்னு மருந்து குடிச்சா அவன் வில்லை எடுத்துடுவான். ஆக ஓடறதுல ரெண்டு பக்கமும் நஷ்டம்.

என்ன பண்ணணும்? அவன் கத்தி உங்க மேல படற நேரத்துக்கு கார்ட் பட்டனை, அதாவது தடுக்கற பட்டனை, ஒரு தட்டு தட்டணும். பிளேஸ்டேஷன்ல எல்1. சரியா விழுந்தா சத்தம் கூர்மையா கேக்கும், பொறியும் பெருசா பறக்கும். நிறைய பேர் பயத்துல பட்டனை படபடன்னு அமுக்குவாங்க. அப்படி அமுக்கினா ஒவ்வொரு தட்டுக்கும் கிடைக்கிற நேரம் சுருங்கும், அதனால இன்னும் மோசமாத்தான் போகும். ஒரு வெட்டுக்கு ஒரு தட்டு. அடுத்தது, வெட்டு வராத நேரத்துல கார்டைப் பிடிச்சபடியே நில்லுங்க, உங்க சொந்த பாஸ்சர் சீக்கிரம் இறங்கும். உங்க பாஸ்சர் நிறையப் போற நிலையில இருந்தாலும் சரியான நேரத்துல தட்டினா அது உடையாது. இது தெரியாமத்தான் பலபேர் கடைசி நேரத்துல பதறி ஓடறாங்க.

இன்னொரு விஷயம், எதிரியோட உயிர் குறையக் குறைய அவன் பாஸ்சர் மெதுவாத்தான் மீளும். அதனால சண்டையோட ஆரம்பத்துல இடைவெளி கிடைக்கிறப்ப நாலு வெட்டு அவனை வாங்க வைங்க. அப்புறம் முழுசா தட்டுறதுல கவனம் வைங்க.

கெனிசிரோ குதிச்சு மேலிருந்து வெட்டுவான் பாருங்க, அதைத் தட்டின உடனே சிவப்பு எழுத்து ஒண்ணு மின்னும். அங்கதான் நீங்க சாகறீங்க. எழுத்து ஒண்ணுதான், ஆனா பின்னாடி வர்றது ரெண்டுல ஒண்ணு. கத்தியைப் பின்னாடி இழுத்தான்னா நேர் குத்து வரப்போகுது. அதுக்கு மிகிரி, அதாவது அவனைப் பார்த்து முன்னாடி டாட்ஜ் பண்ணி கத்தியை மிதிக்கறது. உடம்பைத் தாழ்த்தினான்னா காலை வாரற வீச்சு. அதுக்குக் குதிச்சு, அவன் தலை மேல இன்னொரு குதி. எழுத்தைப் பார்த்து பட்டன் அமுக்காதீங்க, தோளைப் பாருங்க. மிகிரியைத் திறமைப் பட்டியல்ல இன்னும் வாங்கலன்னா கெனிசிரோகிட்ட போகறதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க. மூணாவது கட்டத்துல மின்னலோட வருவான், அது பாக்கத்தான் பயம். மின்னல் வரும்போது காத்துல இருங்க, அடி வாங்குங்க, கால் தரையைத் தொடறதுக்குள்ள தாக்குற பட்டனை அமுக்குங்க. மின்னல் அவனுக்கே திரும்பிப் போகும். என்னைக் கேட்டா அந்தக் கட்டம்தான் மொத்தத்துல சுலபம்.

என் கருத்து, கத்திச் சண்டையைப் பொறுத்தவரை இதுக்கு மேல ஒரு கேம் இன்னும் வரல. குறைன்னா ஒளிஞ்சிருந்து தாக்குற பகுதி கொஞ்சம் ஏனோதானோன்னு இருக்கும். எதிரிங்க உங்களை மறக்கற வேகத்தைப் பார்த்தா நம்பவே முடியாது.

இப்ப பலாட்ரோ. 2024 பிப்ரவரி. கனடாவுல லோக்கல்தங்க்ங்கற பேர்ல ஒரே ஆள் செஞ்சது. போக்கர் சீட்டு மாதிரி இருக்கேன்னு போக்கர் மூளையோட ஆடறீங்க, நாலாவது ஆன்டியில நிக்கறது அதனாலதான். போக்கர்ல பெரிய கை வரும்னு காத்திருக்கலாம். இங்க மறுபடி மறுபடி வரவைக்கக்கூடிய ஒரே கையைப் பிடிச்சுக்கிட்டு அதை வளர்க்கணும்.

கணக்கைப் போட்டே காட்டறேன். சிப்ஸ்ங்கற புள்ளி பெருக்கல் மல்ட்ங்கற பெருக்கற எண், இதுதான் ஸ்கோர். ஃபிளஷ், அதாவது ஒரே சின்னத்துல அஞ்சு சீட்டு, முதல் லெவல்ல 35 சிப்ஸ், 4 மல்ட். ஹார்ட்ல கிங், 10, 8, 5, 2 வச்சு ஆடறீங்க. கிங்குக்கு 10, மத்ததுக்கு அதுலயே இருக்கற எண், மொத்தம் 35. ஆக 70 பெருக்கல் 4, 280. முதல் பிளைண்ட், அதாவது தாண்ட வேண்டிய முதல் சுற்று, கேக்கற 300-க்கே ஒரு கை பத்தாது. சரி, கடையில வாங்கற சிறப்புச் சீட்டுக்கு ஜோக்கர்னு பேர். அதுல ஃபிளஷுக்கு 10 மல்ட் கூட்டற ட்ரோல் ஜோக்கர் கிடைச்சுதுன்னு வைங்க. 70 பெருக்கல் 14, 980. நாலு கையும் ஃபிளஷா வந்தாலும் 3,920 தான். நாலாவது ஆன்டியோட சின்ன பிளைண்டே 5,000 கேக்குது, கடைசிச் சுற்றான பாஸ் 10,000 கேக்குது. கூட்டற ஜோக்கரை மட்டும் சேர்த்துக்கிட்டே போனா சுவத்துல முட்டுற இடம் இதுதான்.

பெருக்கற ஜோக்கர் வேணும். தி ட்ரைப்னு ஒண்ணு இருக்கு, ஃபிளஷ் ஆடினா மல்ட்டை ரெண்டால பெருக்கும். ஆனா ஜோக்கரை எந்த வரிசையில வைக்கறீங்கங்கறதுதான் முக்கியம், ஏன்னா இடமிருந்து வலமா கணக்கு ஓடும். ட்ரோல் இடது, ட்ரைப் வலதுன்னா 4 கூட்டல் 10, பெருக்கல் 2, மல்ட் 28. ஸ்கோர் 1,960. மாத்தி வச்சீங்கன்னா 4 பெருக்கல் 2, கூட்டல் 10, வெறும் 18. ஸ்கோர் 1,260. அதே சீட்டு, அதே ஜோக்கர், ஒரு கைக்கு 700 போச்சு. இழுத்து இடம் மாத்தறதுக்கு காசும் கிடையாது! கூடவே ஜூப்பிட்டர் கார்டு ரெண்டு வாங்கி ஃபிளஷை மூணாவது லெவலுக்கு ஏத்தினா 65 சிப்ஸ், 8 மல்ட் ஆகும். அப்ப அதே அஞ்சு சீட்டுக்கு 100 பெருக்கல் 36, 3,600. மூணு கையிலயே பாஸ் முடிஞ்சிடும்.

காசு விஷயத்துல நீங்க கண்டிப்பா தப்பு பண்றீங்கன்னு நினைக்கிறேன், புதுசா ஆடறவங்க எல்லாருமே பண்றதுதான். கையில இருக்கற ஒவ்வொரு 5 டாலருக்கும் ரவுண்ட் முடிவுல 1 டாலர் வட்டி வரும், அதிகபட்சம் 5. அதாவது 25 டாலரைத் தொடாம வச்சிருந்தா ரவுண்டுக்கு 5 டாலர் சும்மா வருது. முதல் ரெண்டு ஆன்டியில உயிர் தப்பற அளவுக்கு ஒண்ணு ரெண்டு ஜோக்கர் வாங்கிட்டு, அப்புறம் 25-ஐ நோக்கிப் போங்க. கடையில இருக்கற சரக்கை மாத்தற ரீரோல் 5 டாலர்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு தடவையும் 1 ஏறும். பணம் காணாமப் போறது அங்கதான். அப்புறம், ஆன்டி தொடங்கும்போதே பாஸ் என்ன செய்யும்னு திரையில எழுதியிருக்கும், படிக்காம நுழையாதீங்க. தி ஹெட் வந்தா ஹார்ட் சீட்டு எதுக்கும் சிப்ஸ் கிடைக்காது. தி நீடில் வந்தா ஒரே ஒரு கைதான் ஆட விடும்.

ஃபேக்டோரியோ. தொழிற்சாலை கட்டுற கேம், ப்ராக்ல இருக்கற வூப் செஞ்சது, முழுப் பதிப்பு 2020 ஆகஸ்ட். இங்க நீங்க கொண்டுவந்த பழக்கம், வேணுங்கறதைக் கையாலயே செய்யறது. சர்வைவல் கேம்ல அது சரி. இங்க ஒரு பொருளை ரெண்டாவது தடவை கையால செய்யறீங்கன்னா அதுக்கு ஒரு மெஷின் வைக்க வேண்டிய நேரம் வந்தாச்சுன்னு அர்த்தம்.

கரண்ட் ஏன் மொத்தமா போகுதுன்னு கேட்டீங்க. நிலக்கரியைத் தோண்டுற மெஷின் கரண்ட்ல ஓடுது. அதை பாய்லர்ல போடற இன்செர்ட்டரும், அதாவது பொருளை எடுத்து வைக்கிற இயந்திரக் கையும், கரண்ட்ல ஓடுது. தேவை கொஞ்சம் கூடினதும் ரெண்டும் மெதுவாகும், பாய்லருக்கு நிலக்கரி குறையும், கரண்ட் இன்னும் குறையும், அப்படியே சுழன்று அணைஞ்சு போகும். பாய்லர் பக்கத்துல மட்டும் பர்னர் இன்செர்ட்டர் வைங்க. அது தூக்கற நிலக்கரியிலயே தன்னோட எரிபொருளையும் எடுத்துக்கும், கரண்ட் கேக்காது. இப்ப அணைஞ்சு கிடக்கறதைக் கிளப்ப, பாய்லர்ல கையால நிலக்கரி போட்டுட்டு, ஆய்வுக்கூடங்களோட மின்கம்பத்தைக் கொஞ்ச நேரம் எடுத்து வைங்க, சுமை குறையும். ஒரு பாய்லருக்கு ரெண்டு ஸ்டீம் இன்ஜின், ஒரு இன்ஜின் 900 கிலோவாட். மின்கம்பத்தை கிளிக் பண்ணினா தேவையும் உற்பத்தியும் தெரியும். ரெண்டும் கிட்ட வந்ததும் அடுத்த பாய்லர் போடுங்க, விளக்கு மங்கற வரைக்கும் காத்திருக்காதீங்க.

எண்கள் ரெண்டு மூணு போதும், மிச்சத்தை நீங்களே கண்டுபிடிக்கறதுலதான் இந்த கேமோட சுகமே இருக்கு. மஞ்சள் பெல்ட் நொடிக்கு 15 பொருள் கொண்டுபோகும், அது நிறைய 48 கல் உலை வேணும். பச்சை சர்க்யூட்டுக்கு, செப்புக்கம்பி செய்யற மெஷின் மூணுக்கு சர்க்யூட் மெஷின் ரெண்டு. ஆய்வுக்குத் தேவையான சிவப்பு சயின்ஸ் செய்யற மெஷின் பத்துக்கு ஒரே ஒரு கியர் மெஷின். அடுத்தவங்க ப்ளூபிரின்ட்டை இறக்கி ஒட்டாதீங்க. சாப்பிட்டு முடிச்ச தட்டைப் பார்த்துட்டு எழுந்து போற மாதிரி ஆயிடும். ஆல்ட் பட்டனை ஒரு தடவை தட்டி வச்சா எந்த மெஷின் என்ன செய்யுதுன்னு மேலயே படம் தெரியும், இல்லாம ஆடறது கண்ணைக் கட்டிக்கிட்டு ஆடறதுதான்.

கார் ரேஸ் கேமான கிரான் டூரிஸ்மோ 7 பத்தி சுருக்கமா. நீங்க வளைவுக்குள்ள போய் பிரேக் பிடிச்சிருப்பீங்கன்னு நினைக்கிறேன். முன் டயருக்கு இருக்கற பிடிப்பு ஒரு அளவுதான், அதை பிரேக்கும் திருப்பமும் பங்கு போட்டுக்கும். ரெண்டையும் முழுசா கேட்டா கார் நேரா போய் மண்ல இறங்கும். நேரா போகும்போதே பிரேக்கை முடிங்க, திருப்பத் திருப்ப பிரேக்கை விடுங்க, வளைவோட உள் விளிம்பைத் தாண்டின பிறகு ஆக்ஸிலேட்டர். லைசென்ஸ் டெஸ்ட்ல இதையே துண்டு துண்டா கத்துக்குடுக்குது, அதுல வெண்கலம் எடுத்துட்டு ஓடாதீங்க. கார் கேம்ல கத்துக்குடுக்கறதுக்கு இதை விட நல்லது நான் பார்க்கல. பெரும்பகுதிக்கு இன்டர்நெட் கட்டாயம்ங்கறது எனக்குப் பிடிக்கவே இல்ல, தனியா ஆடற கேமுக்கு அது தேவையே இல்ல.

ஓப்ரா டின், லூகாஸ் போப் செஞ்சது, 2018. 1807-ல ஆளே இல்லாம ஃபால்மவுத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த ஒரு கப்பல், அதுல இருந்த 60 பேருக்கு என்ன ஆச்சுன்னு இன்ஷூரன்ஸ் ஆய்வாளரா கண்டுபிடிக்கணும். நீங்க கிடப்புல போட்டதுக்குக் காரணம், கேம் அடுத்து எங்க போன்னு அம்புக்குறி காட்டும்னு எதிர்பார்த்திருப்பீங்க. காட்டாது. மூணு பேர் விவரம் சரியா எழுதினாத்தான் ஒண்ணா சேர்த்து உறுதி பண்ணும், அதனால ஊகம் பண்ணித் தப்பிக்கறது கஷ்டம். படத்துக்குக் கீழ இருக்கற முக்கோணம் ஒவ்வொருத்தரும் எவ்வளவு கஷ்டம்னு சொல்லுது, ஒரு முக்கோணம் இருக்கறவங்கள்ல ஆரம்பிங்க. முகம் மங்கலா இருந்தா அவரைக் கண்டுபிடிக்கற தகவல் இன்னும் கிடைக்கலன்னு அர்த்தம், அவர்கிட்ட நேரம் செலவழிக்காதீங்க. உடை, பேச்சோட உச்சரிப்பு, யார் பக்கத்துல யார் நிக்கறாங்க, படுக்கையில தொங்கற எண், எல்லாமே சாட்சி. துப்பறியற கேம்ல இதுக்கு நான் முதலிடம் குடுப்பேன்.

நீங்க கேக்கல, இருந்தாலும் சேர்த்து சொல்லிடறேன். வெண்பாங்கற கேமை வாங்கலன்னா பாருங்க. 2023 ஜூலை 31, டொராண்டோவுல இருக்கற விசை கேம்ஸ். 1980-கள்ல கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தோட கதை. அம்மாவோட பழைய சமையல் நோட்டு கிழிஞ்சு கறைபட்டுக் கிடக்கு, காணாமப் போன படியை யோசிச்சு சமைக்கணும், இட்லியில ஆரம்பிக்குது. சமையல் புதிர் கொஞ்சம், சுலபமும் கூட, ஒரே உக்காரல்ல முடிஞ்சிடும், அதனால முழு விலைக்கு வாங்கினா சிலருக்கு மனசு ஒப்பாது. எனக்கு அந்த நீளம் சரியாவே பட்டுது.

எதை முதல்ல எடுக்கறது? பலாட்ரோ. ஒரு ஆட்டம் ஒரு மணி நேரத்துக்குள்ள அடங்கும், போன்லயும் வருது, இப்ப சொன்ன ஜோக்கர் வரிசையை இன்னைக்கே சோதிச்சுப் பார்க்கலாம். அடுத்தது ஃபேக்டோரியோ, ஆனா பழைய சேவ் ஃபைலைத் திறக்காதீங்க, அந்தச் சிக்கலைப் பிரிக்கறதை விட புது மேப் சீக்கிரம் வளரும். செகிரோவுக்குத் திரும்பும்போது நேரா கெனிசிரோகிட்ட போகாம, பாழடைஞ்ச கோயில் வாசல்ல நிக்கற ஹன்பெய்கிட்ட கொஞ்ச நேரம் தட்டிப் பழகுங்க, அவன் சாகமாட்டான். டிவியில ஆடறீங்கன்னா செட்டிங்ஸ்ல கேம் மோடை ஆன் பண்ணிடுங்க. படத்தை அழகாக்கறதுக்கு டிவி எடுத்துக்கற நேரம், நீங்க தட்ட வேண்டிய நேரத்துல இருந்துதான் போகுது.