கருவியில் சிக்காத துகளைத் தேடுவது எப்படி?

அடுத்த கேள்வி, சேலம் அம்மாபேட்டையில இருந்து ஒரு கல்லூரி மாணவி: "சூப்பர்சிமெட்ரி துகள் கருவியில சிக்காமலே போயிடும்னு போன வீடியோவுல சொன்னீங்க. சிக்காததை எப்படி சார் தேடுவாங்க?"

ரொம்ப சரியான இடத்துல கை வச்சிருக்கீங்கம்மா. சூப்பர்சிமெட்ரிங்கறது, நமக்குத் தெரிஞ்ச ஒவ்வொரு அடிப்படைத் துகளுக்கும் இன்னும் கண்ணுல படாத ஒரு ஜோடித் துகள் இருக்குன்னு சொல்ற கோட்பாடு. நம்ம செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையை நினைச்சுக்கங்க. கொலுசுக்கு வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பாங்க. திரும்ப வரும்போது கொலுசு, வெட்டுத் துண்டு, அராவின தூள் எல்லாத்தையும் எடை போடுவாங்க. கணக்கு உதைச்சா, யாரும் பார்க்கலைன்னாலும் வெள்ளி எங்கயோ போயிருக்குன்னு தெரிஞ்சிடும்.

ஜெனீவா பக்கத்துல, புரோட்டான்களை மோத விடுற, 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள எல்.எச்.சி. இயந்திரத்துலயும் இதே வேலைதான். அங்க எடைக்குப் பதிலா உந்தம், அதாவது ஓடுற பொருளோட எடையும் வேகமும் திசையும் சேர்ந்த கணக்கு. புரோட்டான்கள் நேருக்கு நேர் வர்றதால பக்கவாட்டு உந்தம் கிட்டத்தட்ட பூஜ்யம். மோதின பிறகு சிதறுறதை எல்லாம் திசையோட சேர்த்துக் கூட்டினாலும் பூஜ்யம்தான் வரணும். ஒரு பக்கம் துகள் கொத்தா பாயுது, எதிர்ப்பக்கம் வெறிச்சோடிக் கிடக்குன்னா, அந்தப் பக்கம் ஏதோ தடம் விடாம போயிருக்கு. நீளவாக்குல இந்தக் கணக்கு செல்லாது. உண்மையில மோதுறது புரோட்டானுக்குள்ள இருக்கற குவார்க், குளுவான்ங்கற குட்டித் துகள்கள்தான். அதுல எது எவ்வளவு உந்தத்தோட வந்துச்சுன்னு முன்கூட்டித் தெரியாது.

ஆனா எதோடயும் அவ்வளவா ஒட்டாத நியூட்ரினோங்கற துகளும் இப்படித்தான் நழுவும்! மோதல்ல உருவாகுற இசட் போசான்ங்கற கனமான துகள் ரெண்டு நியூட்ரினோவா சிதைஞ்சா, நாம தேடுறது மாதிரியே இருக்கும். பட்டறையில சேதாரம்னு ஒண்ணு கழிப்பாங்கல்ல, அது மாதிரி இதைக் கழிக்கணும். எவ்வளவு கழிக்கறது? அதே இசட், எலக்ட்ரான் மாதிரியே ஆனா கனமா இருக்கற மியூவான் ரெண்டாவும் சிதையும். மியூவான் கருவியில நல்லா தெரியும். அதை எண்ணி நியூட்ரினோ பங்கைக் கணக்குப் போடுறாங்க. எனக்கு இந்த ஆராய்ச்சியிலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

எல்.எச்.சி.யில ஆளுக்கொரு பெரிய கருவி வச்சிருக்கற அட்லஸ், சி.எம்.எஸ். ரெண்டு குழுவும் இப்படிக் கழிச்சுப் பார்த்ததுல, சூப்பர்சிமெட்ரின்னு சொல்ற அளவுக்கு இதுவரைக்கும் மிச்சம் நிக்கலை. குளுவானோட ஜோடியான குளுயினோ, பல எளிய மாதிரிகள்ல, புரோட்டானை விட 2,000 மடங்கு எடை வரைக்கும் இல்லைன்னு ஆகிடுச்சு. இதைத் தோல்வின்னு சொல்றதை நான் ஒத்துக்கவே மாட்டேன். இவ்வளவு பெரிய இடத்தைத் துழாவி, இங்க இல்லைன்னு உறுதியா சொல்றது லேசான வேலையா?

அப்புறம், துழாவாத மூலையும் இருக்கு. சிதையுற தாய்த்துகளுக்கும் அதுல இருந்து வர்ற கண்ணுக்குப்படாத துகளுக்கும் எடை வித்தியாசம் ரொம்பக் கம்மின்னா, காணாமப் போற உந்தமும் கொஞ்சமாத்தான் இருக்கும். சேதாரத்துக்குள்ளயே ஒளிஞ்சுக்கும். ஹிக்ஸ் துகளோட ஜோடியான ஹிக்ஸினோ மாதிரி துகள்களை இப்ப அங்கதான் தேடிட்டு இருக்காங்க.