புதிய மேசைக்கு ஒரு பழைய துணை

நேயர்களுக்கு வணக்கம்.

எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் பலகை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 2440 மில்லிமீட்டர் நீளம், 1220 அகலம். ஜெர்மனியில் 1925-இல் தொடங்கிய ஃபெஸ்டூல் நிறுவனத்தின் எம்.எஃப்.டி/3 என்ற தச்சு மேசையில், அதாவது துளைகள் நிறைந்த மேற்பலகையும் ரம்பம் ஓடத் தண்டவாளமும் கொண்ட மேசையில், அதைக் கிடத்தினால் பாதிக்கு மேல் வெளியே தொங்கும். மேற்பலகையின் நீளமே ஏறக்குறைய 1.1 மீட்டர்தான். அறுத்து முடிக்கும் நேரத்தில் தொங்கும் பக்கம் சாய்ந்து, வெட்டின் கடைசி அங்குலத்தில் மரம் பிளந்துவிடும். அதனால்தான் இந்த மேசை வைத்திருக்கும் தச்சர்கள் பலர் இரண்டாவது மேசையைத் தேடுகிறார்கள். புதிதாக வாங்கினால் செலவு கூடுதல். அதே நிறுவனம் முன்பு விற்ற எம்.எஃப்.டி 1080 போன்ற பழைய மேசை, ஒருவர் பயன்படுத்தியது, விலைக்குக் கிடைத்தால் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்காகவே இன்று பேசுகிறேன்.

தாராளமாக வாங்கலாம். ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்த்து வாங்க வேண்டும்.

மேற்பலகையில் ரம்பம் ஓடிய கோடுகளைப் பார்த்ததும் பலர் முகம் சுளிக்கிறார்கள். அது வீண் கவலை. எம்.டி.எஃப்., அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை, தேயத்தான் இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம். ஈரம் பட்டு உப்பியிருக்கிறதா என்று மட்டும் துளைகளின் விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். உப்பிய பலகை மறுபடி தட்டையாகாது; புதுப் பலகைக்கான செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

மாற்ற முடியாதது அலுமினியச் சட்டம். நான் முதலில் பார்ப்பது அதைத்தான். எதிரெதிர் மூலைகளுக்கு இடையே குறுக்காக இரண்டு நூல்களை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் அவை தொட்டும் தொடாமலும் கடந்தால் சட்டம் நேராக இருக்கிறது. ஒன்றை ஒன்று அழுத்தினாலோ இடைவெளி விட்டாலோ சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட மேசையை இனாமாகக் கொடுத்தாலும் நான் எடுக்க மாட்டேன். அடுத்து, கால்களை மடக்கி விரித்துப் பூட்டிப் பாருங்கள். நிறுத்தப்பட்ட மாதிரிகளுக்குக் குமிழ்களும் கீல்களும் எப்போதும் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

பிறகு துளைகள். புதிய மேசையில் 20 மில்லிமீட்டர் துளைகள், மையத்திலிருந்து மையத்துக்கு 96 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கின்றன. ஐரோப்பிய அலமாரித் தச்சின் 32 மில்லிமீட்டர் அளவுமுறையின் மூன்று மடங்கு அது. பழைய மேசையிலும் அதே அளவு இருக்க வேண்டும். ஆனால் முன்பு வைத்திருந்தவர் தானே ஒரு பலகையைத் துளையிட்டுப் போட்டிருக்கலாம். சோதிக்க எளிய வழி உண்டு. துளையில் இறுகப் பொருந்தும் மூன்று உருளை முளைகளை எடுத்துச் செல்லுங்கள். ஒரு துளையில் ஒன்று, அதை விட்டு எண்ணி ஒரு திசையில் மூன்றாவது துளையில் ஒன்று, செங்குத்தான திசையில் நான்காவது துளையில் ஒன்று. கடைசி இரண்டின் வெளிவிளிம்புகளுக்கு இடையே அளந்தால் சரியாக 500 மில்லிமீட்டர் வர வேண்டும். மூன்று, நான்கு, ஐந்து என்ற பழைய முக்கோணக் கணக்குதான்: மையங்களுக்கு இடையே 480, முளையின் பருமன் 20. அளவு தப்பினால் துளைவரிசை மூலைமட்டத்துக்கு நிற்கவில்லை, அல்லது துளைகள் தேய்ந்து அகன்றுவிட்டன.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இரண்டையும் அருகருகே நிறுத்துங்கள். புதிய மேசை கால் விரித்தால் 900 மில்லிமீட்டர் உயரம். பழையது தாழ்ந்திருந்தால் கால்களுக்கு அடியில் கட்டை கொடுப்பது எளிது. எதன் காலையும் வெட்ட வேண்டாம். இரண்டின் மேலும் நீளமான நேர்கோல் ஒன்றைக் கிடத்தி வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு கூட நீளமான பலகையைத் தூக்கிவிடும்.

மட்டம் சரியானால் மட்டும் போதாது. ஒரு மேசையின் கடைசித் துளைக்கும் அடுத்ததன் முதல் துளைக்கும் இடையே 96-இன் மடங்கு இருந்தால்தான் துளைவரிசை தொடரும். சட்டங்களின் தடிப்பு அதற்கு இடம் கொடுக்காவிட்டால் நடுவே ஒரு மரச்சட்டத்தை அளந்து செருகுங்கள். பிறகு ஒவ்வொரு மேசையிலும் இரண்டு முளைகளை ஒரே வரிசையில் நட்டு, நான்கையும் நேர்கோல் தொடுகிறதா என்று பார்த்துத் திருகிப் பூட்டலாம்.

ரம்பம் ஓடும் தண்டவாளத்தைப் புதிய மேசையில் மட்டுமே பொருத்துங்கள் என்பது என் கருத்து. பழைய மேசையின் தண்டவாளமும் கொக்கிகளும் விலைக்குள் வந்தாலும் அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். பழையது பலகையைத் தாங்கட்டும். தேய்ப்பும் பசை ஒட்டும் வேலையும் அதன்மேல் நடக்கட்டும்.