முதல் போணி

நேயர்களுக்கு வணக்கம்.

காலையில் கடை திறந்ததும் முதலில் வருகிறவரிடம் கடைக்காரர் என்ன சொல்வார்? "இன்னும் போணியே ஆகலைங்க, பேரம் பேசாதீங்க" என்பார். ஐந்து ரூபாய்க்கு ஒரு கொத்தமல்லிக் கட்டு விற்றாலும் அந்தக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கல்லாவில் போடுவார். அந்த ஐந்து ரூபாயில் வாடகை கட்ட முடியாது. ஆனாலும் போணி போணிதான். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் இவர் கொத்தமல்லிக் கட்டோடு வந்திருக்கிறாரே என்று நினைக்காதீர்கள். பல வருஷமாக நான் விடாமல் கவனித்து வருவது அந்தத் தேர்தலின் போணியைத்தான்.

அங்கே நவம்பரில் நடக்கிற பெரிய தேர்தல் நமக்குத் தெரியும். அதற்கு முன்னால், கட்சிக்கு வேட்பாளர் யார் என்பதை மேலிடம் அறிவிப்பதில்லை. மாநிலம் மாநிலமாக ஆதரவாளர்களே தீர்மானிக்கிறார்கள். ஜனவரி, பிப்ரவரியில் தொடங்கினால் ஜூன் வரை இழுக்கும். சாவடிக்குப் போய் ஓட்டுப் போட்டால் பிரைமரி. வட்டாரத்துக்காரர்கள் ஓரிடத்தில் கூடி முடிவு செய்தால் காக்கஸ். ஏறக்குறைய ஐம்பது வருஷமாக, 2020 வரை, முதல் காக்கஸ் அயோவாவில், முதல் பிரைமரி நியூ ஹாம்ப்ஷயரில் என்றுதான் இருந்தது. இரண்டும் சின்ன மாநிலங்கள். 2020-இல் ஜனநாயகக் கட்சியில், மாநாட்டுக்குப் போய் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற பிரதிநிதிகளில் ஓட்டு மூலம் முடிவாக வேண்டியவர்கள் ஏறக்குறைய நாலாயிரம் பேர். அதில் அயோவாவின் பங்கு 41. நூற்றுக்கு ஒன்று. அந்த ஐந்து ரூபாய்தான்.

சரி, அயோவாவுக்கு இந்த இடம் எப்படிக் கிடைத்தது? 1968-இல் ஜனநாயகக் கட்சியின் சிகாகோ மாநாட்டில், ஒரு பிரைமரியில்கூட நிற்காத துணை ஜனாதிபதி ஹம்ஃப்ரியை வேட்பாளராக்கினார்கள். வெளியே தெருவில் அடிதடி. அதற்கப்புறம் கட்சி விதிகளை மாற்றி எழுதினார்கள். அயோவாவில் காக்கஸ் நான்கு படிகளாக நடக்கும். படிக்குப் படி இடைவெளி விட வேண்டும், கூடுகிறவர்களுக்குத் தாள்கள் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். கட்சி ஆபீஸில் இருந்ததோ ஒரு பழைய ரோனியோ மெஷின். ஸ்டென்சில் வெட்டி, கைப்பிடியைச் சுற்றி, கையெல்லாம் மசியாக்கிக்கொண்ட தலைமுறைக்கு அதன் வேகம் தெரியும். அது போதாதென்று, மாநில மாநாட்டுக்கு டெ மாய்ன் நகரத்தில் ஹோட்டல் அறை கிடைக்கிற தேதியையும் பார்க்க வேண்டியிருந்தது. பின்னாலிருந்து நாள் எண்ணிக்கொண்டே வந்தால், முதல் படி 1972 ஜனவரி 24-இல் போய் நின்றது. நியூ ஹாம்ப்ஷயருக்கும் முன்னால்! அயோவாக்காரர்களே சொல்லிச் சிரிக்கிற கதை இது.

அதன் பலனை முதலில் முழுசாக அறுவடை செய்தவர் ஜிம்மி கார்ட்டர். நிலக்கடலை விவசாயி, ஜார்ஜியாவின் முன்னாள் கவர்னர். நாட்டில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. ஆதரவாளர்கள் வீட்டிலேயே தங்குவார், காலையில் எழுந்து தன் படுக்கையைத் தானே மடித்து வைப்பார். 1976-இல் அயோவாவில் அவருக்கு 28 சதவீதம்கூட வரவில்லை. அதிக ஓட்டு யாருக்குத் தெரியுமா? "யாருக்கும் இல்லை, இன்னும் முடிவு செய்யவில்லை" என்றவர்களுக்கு, 37 சதவீதம்! ஆனால் பெயர் சொல்லி நின்றவர்களில் முதலிடம் கார்ட்டருக்கு. அன்று ராத்திரி அவர் அயோவாவில் இல்லை, நியூயார்க்கில் இருந்தார். விடிந்தால் டெலிவிஷன் நிகழ்ச்சிகளில் முகம் காட்ட வேண்டுமே! போணியின் அருமை தெரிந்த மனிதர்.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்று. நிகழ்ச்சித் தயாரிப்பாளர் சுருக்கமாகச் சொல்லச் சொன்னார், பார்ப்போம்.

2008 ஜனவரி 3. என் மகள் அயோவாவில் ஏம்ஸ் என்கிற ஊரில் படித்துக்கொண்டிருந்தாள். குளிர்காலத்தில் அங்கே போய் மாட்டிக்கொண்ட அப்பா நான். குரங்குக் குல்லாய், மேலே மஃப்ளர், அதற்கு மேல் அவளுடைய பழைய கோட்டு. ஜனநாயகக் கட்சியின் காக்கஸ் நடக்கிறது, வேடிக்கை பார்க்க அனுமதி உண்டு என்று ஒரு பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்துக்குக் கூட்டிப்போனாள். சுவரோரமாக எங்களுக்கு இடம். கூடத்தில் இருநூறு பேர் இருப்பார்கள். வாக்குச் சீட்டு இல்லை, மறைப்பு இல்லை. ஒபாமா ஆட்கள் ஒரு மூலை, ஹிலாரி ஆட்கள் ஒரு மூலை, இன்னொரு வேட்பாளரான எட்வர்ட்ஸின் ஆட்கள் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே. ஒவ்வொருவராக "ஒன்று, இரண்டு" என்று குரல் கொடுத்து எண்ணிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் யார் பக்கம் நிற்கிறார் என்று எல்லோருக்கும் தெரிகிறது. நம் ஊரில் என்றால் மறுநாளே பேச்சுவார்த்தை நின்றுவிடும்!

பதினைந்து சதவீதம் தேறாத கூட்டம் கலைந்து வேறு பக்கம் போகலாம். அப்போதுதான் களை கட்டியது. கதவோரம் ஜோ பைடன் பெயர் போட்ட அட்டைக்குக் கீழே மொத்தம் ஐந்து பேர். அதில் ஒரு பாட்டியம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். கல்லூரிப் பையன் ஒருவன் தட்டில் பிஸ்கட்டோடு போய் ஒபாமா பக்கம் கூப்பிட்டான். அப்புறம் ஹிலாரி பக்கத்துப் பெண்மணி ஒருவர் வந்தார். பாட்டி இருவரிடமும் பிஸ்கட், காபி எல்லாம் வாங்கிக்கொண்டார், எழுந்திருக்கவில்லை. மற்ற நாலு பேரும் போய்விட்டார்கள். அவர் மட்டும் கடைசிவரை அந்த அட்டைக்குக் கீழே. கணக்கில் அவர் இல்லை. அன்று ராத்திரியே பைடன் போட்டியிலிருந்து விலகிவிட்டார். அவருக்கு ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை.

ஜெயித்தது ஒபாமா. பத்தில் ஒன்பது பேர் வெள்ளையராக இருக்கிற மாநிலம் அது. இவருக்கு வெள்ளையர் ஓட்டு விழுமா என்று தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்களே அதுவரை தயங்கிக்கொண்டிருந்தார்கள். அயோவாவுக்கு அப்புறம் அந்தத் தயக்கம் போய்விட்டது. தென் கரோலினா பிரைமரியில் அவருக்கு 55 சதவீதம். ஐந்து ரூபாய்ப் போணி வேலை செய்கிற விதம் இதுதான்: கல்லா நிறையாது, தெருவில் பேச்சு மாறும்.

அதனால்தான் ஜெயித்தவர் தோற்பதும் தோற்றவர் ஜெயிப்பதும் அங்கே சகஜம். 1968-இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஜனாதிபதி ஜான்சன்தான் முதலிடம். ஆனால் வியட்நாம் போரை எதிர்த்து நின்ற அவர் கட்சிக்காரரான மெக்கார்த்தி 42 சதவீதம் வாங்கிவிட்டார். அந்த மாதமே ஜான்சன் மறுபடி நிற்கப்போவதில்லை என்று அறிவித்தார். 1992-இல் கிளின்டன் அங்கே இரண்டாம் இடம்தான். முதலில் வந்த சாங்கஸ் 33 சதவீதம், இவர் 25. ஆனால் அதற்குள் இவர் கதை முடிந்தது என்று எல்லோரும் எழுதிவிட்டிருந்தார்கள். இரண்டாவதாக வந்ததையே வெற்றி விழாவாகக் கொண்டாடினார் மனிதர்!

போணி ஆள் மாறிப்போன கதையும் உண்டு. 2012-இல் குடியரசுக் கட்சியின் அயோவா காக்கஸில் ராம்னி 8 ஓட்டில் ஜெயித்தார் என்றார்கள். இரண்டு வாரம் கழித்து எண்ணிப் பார்த்தால், 34 ஓட்டு முன்னால் இருந்தவர் சான்டோரம். அதற்குள் நியூ ஹாம்ப்ஷயரும் முடிந்து, ராம்னி கொடி பறக்கிறது. பாவம், சான்டோரத்துக்கு யார் போய்ப் பூச்செண்டு கொடுப்பது?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷம். ஓடுகிறேன்.

2020. அயோவாவில் கணக்கு அனுப்பும் செயலி படுத்துவிட்டது. முடிவு நாள்கணக்கில் இழுத்தது. அதே பைடன் அங்கே நாலாவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. பிப்ரவரி 29-இல் தென் கரோலினா, கிட்டத்தட்டப் பாதி ஓட்டு அவருக்கு. இரண்டு நாளில் போட்டியாளர்கள் பூட்டிஜெஜ், க்ளோபுசார் விலகி அவர் பின்னால் வந்துவிட்டார்கள். அடுத்த நாள், மார்ச் 3, ஒரே நாளில் ஓட்டுப் போட்ட பதினாலு மாநிலங்களில் பத்து அவருக்கு. ஜனாதிபதி ஆனதும் கட்சியிடம் சொல்லி 2024-இல் தென் கரோலினாவை முதலில் வைத்தார். அயோவாவின் இடம் போயிற்று. நியூ ஹாம்ப்ஷயர் மட்டும் விடவில்லை. மற்ற எந்தப் பிரைமரிக்கும் ஏழு நாள் முன்னாலாவது நடத்த வேண்டும் என்று அவர்கள் சட்டமே போட்டு வைத்திருக்கிறார்கள். நடத்தினார்கள். சீட்டில் பைடன் பெயர் இல்லை. ஜனங்கள் கையால் எழுதிப் போட்டு அவரையே ஜெயிக்க வைத்தார்கள். குடியரசுக் கட்சி அயோவாவை மாற்றவில்லை. நம்மைப்போலத் தமிழ் பேசுகிற விவேக் ராமசாமி அங்கே ஊர் ஊராகச் சுற்றியும் நாலாவதாக வந்து அன்று ராத்திரியே விலகினார்.

நெவாடாவுக்கென்று ஒரு தாள் தனியாக எழுதி வைத்திருந்தேன். லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளுக்குள்ளேயே, வேலை செய்கிறவர்களுக்காக காக்கஸ் நடத்திய கதை. மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறேன், கை காட்டிவிட்டார்கள். வணக்கம்.