இரவுப் பள்ளிக்கூடத்து ரெபேக்கா

நேயர்களுக்கு வணக்கம்.

தரங்கம்பாடிக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள். கடலோரத்தில் அந்த டேனிஷ் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். 1620-ல் தொடங்கிய கோட்டை. அதில் பறந்த கொடி வேறு சில கடற்கரைகளிலும் பறந்தது. ஒன்று கரீபியன் கடலில் செயிண்ட் தாமஸ் என்ற சிறிய தீவு. இன்னொன்று மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானா நாட்டின் அக்ரா நகரில் இருக்கும் கிறிஸ்டியான்ஸ்போர்க் கோட்டை. இன்று நான் பேசப்போகிற பெண் செயிண்ட் தாமஸ் கோட்டை, கிறிஸ்டியான்ஸ்போர்க் கோட்டை இரண்டுக்குள்ளும் இருந்தவர். ஒன்றில் கைதியாக, இன்னொன்றில் ஆசிரியையாக. அவர் பெயர் ரெபேக்கா.

நான் முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தவள். தரங்கம்பாடிக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப்போன ஒரு வருடம், இதே டேனிஷ்காரர்கள் வேறு எங்கெல்லாம் போனார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்படித்தான் ரெபேக்கா எனக்குக் கிடைத்தார். அன்று முதல் அவரை என்னால் விட முடியவில்லை.

அவர் பிறந்தது ஆன்டிகுவா தீவில் என்று கருதப்படுகிறது. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு விவியன் ரிச்சர்ட்ஸ் ஞாபகம் வரும், அதே ஆன்டிகுவாதான். பிறந்தது 1718 வாக்கில். ஆறேழு வயதில் அந்தக் குழந்தையைக் கடத்திக்கொண்டுபோய் செயிண்ட் தாமஸ் தீவில் ஒரு கரும்புத் தோட்ட முதலாளிக்கு விற்றுவிட்டார்கள். அது வீட்டு வேலைக்காரியாக வளர்ந்தது. அந்த வீட்டில் டச்சு மொழி பேசினார்கள், பைபிள் வாசித்தார்கள். குழந்தையும் வாசிக்கக் கற்றுக்கொண்டது, எழுதவும் கற்றுக்கொண்டது. வளர்ந்து வரும்போதே அவருக்கு விடுதலையும் கிடைத்தது.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்தத் தீவில் ஆயிரக்கணக்கான அடிமைகள். அவர்கள் நடுவில் சுதந்திரமான ஒரு கறுப்பினப் பெண், அதுவும் எழுதப் படிக்கத் தெரிந்தவர். வீட்டு வேலை செய்துகொண்டு, யார் கண்ணிலும் படாமல், பத்திரமாக வாழ்ந்து முடித்திருக்கலாம். யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது.

அந்தக் காலத்தில் அந்தத் தீவில் பத்திரம் என்பது சாதாரண விஷயம் இல்லை. 1733-ல் ஆளுநர் கார்டலின் ஒரு சட்டம் போட்டார். ஓடிப்போகிற அடிமையின் காலை வெட்டுகிற அளவுக்குத் தண்டனைகள் அதில் இருந்தன. முரசு ஒலித்த பிறகு தோட்டத்து அடிமை யாரும் நகரத்துக்குள் இருக்கக்கூடாது, இருந்தால் கோட்டைக்குள் கொண்டுபோய்ச் சவுக்கடி. அதே வருடம் நவம்பரில் பக்கத்துத் தீவான செயிண்ட் ஜானில் அடிமைகள் எழுந்து கோட்டையையே பிடித்தார்கள். தீவின் பெரும்பகுதி மாதக்கணக்கில் அவர்கள் கையில் இருந்தது. மார்ட்டினிக்கிலிருந்து பிரெஞ்சுப் படை வந்துதான் அதை அடக்கியது. அதன் பிறகு தோட்ட முதலாளிகளின் மனநிலை எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். நாலு அடிமைகள் ஓரிடத்தில் கூடினாலே அவர்களுக்குப் பயம்.

இந்தச் சூழ்நிலையில்தான் மொரேவியன் சபைக்காரர்கள் வந்தார்கள். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில், சின்சென்டார்ஃப் என்ற பிரபுவின் நிலத்தில் குடியேறிய சிறிய கிறிஸ்தவச் சபை அது. இந்தச் சின்சென்டார்ஃப் சிறுவனாக ஹாலே நகரத்துப் பள்ளியில் படித்தபோது, தரங்கம்பாடியிலிருந்து விடுப்பில் வந்திருந்த சீகன்பால்குவை நேரில் பார்த்தவர். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அதே சீகன்பால்கு. கரீபியன் கதையின் ஒரு நுனி நம் கடற்கரையில் இருக்கிறது என்று நான் சொல்வது அதனால்தான்.

1731-ல் கோப்பன்ஹேகனில் அரசரின் முடிசூட்டு விழா. அங்கே அன்டோன் என்ற ஒரு கறுப்பினப் பணியாளரைச் சின்சென்டார்ஃப் சந்தித்தார். செயிண்ட் தாமஸில் என் சகோதரி இருக்கிறாள், அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்றார் அன்டோன். அப்புறம் ஹெர்ன்ஹூட்டுக்கே வந்து, மிக முக்கியமான ஒன்றைச் சொன்னார். அடிமைகளுக்குப் பகலில் நேரமே கிடையாது, அவர்களோடு அவர்களாக இருந்தால்தான் கற்பிக்க முடியும் என்றார். மறு வருடம் ஒரு குயவரும் ஒரு தச்சரும் அந்த வேலைக்காகக் கப்பலேறினார்கள். டோபர், நிட்ஷ்மான் என்று பெயர்.

அன்டோன் சொன்ன அந்தச் சிக்கலைப் பாருங்கள். நேரமே கிடையாது. இதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்தில் பெண்களுக்கு எழுத்தறிவு வகுப்பு தொடங்கினேன். மாலை ஆறு மணி, பள்ளிக்கூடக் கட்டடம். ஒருவரும் வரவில்லை. ஒரு வாரம் காத்திருந்தேன். அப்புறம் ஒரு பாட்டிதான் சொன்னார், "ஆறு மணிக்கு நாங்க அடுப்படியில இருப்போம் டீச்சர்." சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, எட்டரை மணிக்கு மேல் அவர்கள் தெருத் திண்ணைக்கே நான் போன பிறகுதான் வகுப்பு நடந்தது. கற்கிறவர் வரட்டும் என்று காத்திருந்தால் நடக்காது. கற்பிக்கிறவர்தான் போகவேண்டும். இதை வேறு எங்கெங்கோ பேசியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

ரெபேக்கா செய்தது இதைத்தான். 1736-ல் ஃப்ரீட்ரிக் மார்ட்டின் என்ற மொரேவியன் ஊழியர் தீவுக்கு வந்தார். அப்போது ரெபேக்காவுக்குப் பதினெட்டு வயதுதான் இருக்கும். அவர் ஏற்கெனவே அடிமைப் பெண்களுக்குக் கற்பித்துக்கொண்டிருந்தார் என்று மார்ட்டினே வியந்து எழுதியிருக்கிறார். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வெள்ளைக்கார ஊழியர் வந்து இவரை ஆசிரியையாக்கவில்லை. வந்தவர் கண்டது, வேலை செய்துகொண்டிருந்த ஓர் ஆசிரியையை.

செயிண்ட் தாமஸ் சுமார் 80 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் சமதளம் கிடையாது. கடலிலிருந்து நேராக எழும் குன்றுகள். தோட்டங்கள் அந்தச் சரிவுகளில் சிதறிக் கிடந்தன. காலையில் வெளிச்சம் வருவதற்குள் கரும்புக் கொல்லைக்குப் போகிறவர்கள் இருட்டிய பிறகுதான் குடிசைக்குத் திரும்புவார்கள். அதன் பிறகுதான் சோறு, அதன் பிறகுதான் தங்களுக்கென்று விட்ட துண்டு நிலத்தில் வேலை. அந்த நேரத்துக்கு ரெபேக்கா அந்தக் குன்றுப் பாதையில் ஏறி இறங்கி, தோட்டம் தோட்டமாகப் போவார். குடிசை வாசலில் உட்கார்ந்து பேசுவார், ஜெபிப்பார், வாசிக்கச் சொல்லித்தருவார்.

பேசியது அந்தத் தீவின் சொந்த மொழியில். டச்சுச் சொற்களும் ஆப்பிரிக்கப் பேச்சும் கலந்து பிறந்த டச்சு கிரியோல். அந்த மொழியைப் பேசத் தெரிந்த கடைசிப் பெண்மணி 1987-ல் காலமானார். இன்று அந்த மொழி இல்லை. ரெபேக்காவின் வாயில் அது எப்படி ஒலித்திருக்கும் என்று இனி யாருக்கும் கேட்க வாய்ப்பில்லை. அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சரி, இந்த எழுத்துப் படிப்பு தோட்ட முதலாளிகளுக்கு எப்படி இருந்தது? புத்தகங்களைப் பிடுங்கி எரித்தார்கள். அரிச்சுவடி வைத்திருந்தவர்களை அடித்தார்கள். ஒரு எழுத்துப் புத்தகத்துக்கு அவ்வளவு பயம். ஆனால் கூட்டம் குறையவில்லை. நூற்றுக்கணக்கில் வந்தார்கள். ஒரே கூட்டமாக வைக்காமல் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அவர்களிலிருந்தே ஒருவரைத் தலைவராக வைத்தது அந்தச் சபை. பெண்கள் குழுக்களின் பொறுப்பு ரெபேக்காவிடம். அடிமைப் பெண்ணை யாரும் பெயர் சொல்லி மரியாதையாகக் கூப்பிடாத தீவில், உட்கார்ந்து உன் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்கிற ஓர் இடம் அது.

ஒரு விஷயத்தை மறைத்துவிட்டுப் பேச எனக்கு மனமில்லை. 1737-ல் இந்த ஊழியர்கள் ஒரு தோட்டத்தை வாங்கினார்கள். சபைக்கு ஒரு பத்திரமான இடம் வேண்டும் என்பதற்காக. அந்தத் தோட்டத்தோடு அடிமைகளையும் சேர்த்தே வாங்கினார்கள். ஆன்மாவுக்கு விடுதலை என்று பிரசங்கம் செய்தவர்கள் உடம்புக்கு விலை கொடுத்தார்கள். இதற்குச் சமாதானம் சொல்ல நான் முயலப்போவதில்லை. இது தவறு.

1738-ல் ரெபேக்காவுக்கு மத்தேயுஸ் ஃப்ராய்ண்ட்லிஹ் என்ற ஜெர்மானிய ஊழியரோடு திருமணம் நடந்தது. நடத்திவைத்தவர் மார்ட்டின். வெள்ளைக்காரரும் கறுப்பினப் பெண்ணும் கணவன் மனைவி! தீவு கொதித்தது. மார்ட்டினுக்கு முறையான குருப்பட்டம் இல்லை, ஆகவே இந்தத் திருமணம் செல்லாது என்று அங்கிருந்த டச்சுத் திருச்சபைப் போதகர் புகார் செய்தார். இதே சமயத்தில் ஒரு திருட்டு வழக்கில் சாட்சி சொல்ல இவர்களை அழைத்தார்கள். சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். இயேசுவின் மலைப்பிரசங்கத்தில் சத்தியமே பண்ணக்கூடாது என்று இருக்கிறது, நாங்கள் எடுக்கமாட்டோம் என்றார்கள் இவர்கள். மூவரையும் கோட்டைச் சிறையில் போட்டார்கள்.

அந்தச் சிறை நாட்களை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று தெரியாது. வெளியே கூட்டம் கூடியது. அடிமைகள் வந்து சிறை ஜன்னலுக்குக் கீழே நின்றார்கள். உள்ளிருந்து மார்ட்டின் பேச, வெளியே நின்றவர்கள் கேட்டார்கள். குடிசை வாசலுக்கு வகுப்பு நடந்துபோன காலம் போய், இப்போது வகுப்பைத் தேடி அவர்கள் நடந்து வந்தார்கள். யோசித்துப் பாருங்கள், அந்தக் கோட்டை அடிமைகளைச் சவுக்கால் அடிக்கிற இடம். அதன் சுவரோரம் வந்து நிற்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! நாள் முழுக்க வெட்டிய கை, நடந்து களைத்த கால். அதோடு வந்து நின்றார்கள்.

ரெபேக்காவுக்குத் தீர்ப்பு, மறுபடியும் அடிமையாக விற்கப்பட வேண்டும் என்பது. ஆறு வயதில் விற்கப்பட்டவர், இருபது வயதில் மீண்டும். அந்தத் தீர்ப்பு நிறைவேறுவதற்கு முன், 1739 ஜனவரி இறுதியில், சின்சென்டார்ஃப் பிரபுவே கப்பலில் வந்து இறங்கினார். ஆளுநரிடம் பேசி அவர்களை விடுவித்தார். ஆனால் அதே சின்சென்டார்ஃப் கிளம்பும்போது அடிமைகளிடம், உங்கள் எஜமானர்களுக்குக் கீழ்ப்படியுங்கள், அடிமைத்தனம் கடவுள் வகுத்தது என்று பேசிவிட்டுப் போனார். எனக்கு இது ஆறாத குறை.

அவர் எடுத்துப்போன கடிதங்கள்தான் எனக்கு ஆறுதல். அடிமைகளே எழுதிய கடிதங்கள். ஒன்று டென்மார்க் அரசருக்கு, 650-க்கும் மேற்பட்ட மாணவர்கள் பெயரில். மாணவர்கள் என்றுதான் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள், அந்தச் சொல்லைக் கவனியுங்கள். இன்னொன்று அரசிக்கு. எழுதியவர் மரோட்டா, ஆப்பிரிக்காவின் போப்போ பகுதியிலிருந்து வந்த முதிய பெண். 250-க்கும் மேற்பட்ட பெண்கள் சார்பில் எழுதினார். தன் தாய்மொழியிலும் எழுதி, கிரியோலிலும் எழுதினார். மார்ட்டின் எங்களுக்குக் கற்பிக்கத் தடை இருக்கக்கூடாது, அரசரிடம் எங்களுக்காகச் சொல்லுங்கள் என்பதுதான் கோரிக்கை. அரிச்சுவடி வைத்திருந்ததற்காக அடி வாங்கியவர்களின் கடிதம் அரண்மனை வரை போனது! அதே வருடம் சபை தொடர அரசரின் ஆதரவும் கிடைத்தது.

நேரம் குறைவாக இருப்பதாகச் சைகை காட்டுகிறார்கள். மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

1742-ல் கணவரோடும் சிறு மகளோடும் ரெபேக்கா ஜெர்மனிக்குப் போனார். போகும் வழியிலேயே கணவர் இறந்தார். மகளும் சிறு வயதிலேயே போய்விட்டாள். தனியாக நின்ற அந்தப் பெண்ணுக்கு 1746-ல் கிறிஸ்டியன் புரோட்டனோடு திருமணம் ஆனது. அவர் கிறிஸ்டியான்ஸ்போர்க்கில் பிறந்தவர், தந்தை டேனிஷ்காரர், தாய் ஆப்பிரிக்கர். அதே வருடம் சபை ரெபேக்காவுக்கு டீக்கனஸ், அதாவது சபையின் பெண் ஊழியர் என்ற பட்டம் கொடுத்தது. நவீன காலத்துச் சபைகளில் இப்படிப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் என்று அவரைச் சிலர் சொல்வதுண்டு. ஹைட் என்ற ஓவியர் வரைந்த ஒரு குடும்பப் படமும் இருக்கிறது, கணவர், ரெபேக்கா, நடுவில் ஒரு சிறுமி. அந்தப் படத்தைப் பற்றி மட்டும் தனியாகப் பேச நினைத்திருந்தேன், முடியவில்லை.

1760-களில் இருவரும் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பினார்கள். புரோட்டன் அங்கே பேசும் கா மொழிக்கும் ஃபான்டி மொழிக்கும் இலக்கணம் எழுதி 1764-ல் கோப்பன்ஹேகனில் அச்சிட்டவர். கிறிஸ்டியான்ஸ்போர்க் கோட்டையில் ஒரு சின்னப் பள்ளி. தந்தை டேனிஷ்காரர், தாய் ஆப்பிரிக்கர் என்ற பிள்ளைகள் அங்கே படித்தார்கள். 1769-ல் புரோட்டன் இறந்த பிறகும் ரெபேக்கா கரீபியனுக்குத் திரும்பவில்லை. அந்தக் கோட்டையின் கீழறைகளிலிருந்து கப்பலேற்றப்பட்ட மனிதர்களில் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்தது செயிண்ட் தாமஸின் கரும்புக் கொல்லைகளுக்கு. அந்தக் கொல்லைகளில் இரவு இரவாக நடந்தவர் தன் கடைசி வருடங்களை அதே கோட்டையில் கழித்தார். 1780-ல் அங்கேயே காலமானார்.

வணக்கம்.