எம்87 வளையத்தில் கோடுகள் திரும்பிவிட்டன!

வணக்கம் மக்களே! குவேசார் தொடரின் அடுத்த பகுதியைத் தள்ளி வைத்துவிட்டேன். எம்87 கேலக்ஸியின் நடுவில் இருக்கும் கருந்துளையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை.

பல நாடுகளின் ரேடியோ தொலைநோக்கிகளைச் சேர்த்துக் கருந்துளையைப் படமெடுக்கும் ஈவன்ட் ஹொரைசன் குழு 2025 செப்டம்பரில் வெளியிட்ட படங்கள் இவை. 2017, 2018, 2021 என மூன்று ஆண்டுகளின் போலரைசேஷன், அதாவது அலை எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பது. கருந்துளையைச் சுற்றி ஒளிரும் வளையத்தின் அளவு அப்படியே இருக்கிறது. அதன் மேலே ஓடும், அந்தத் தளத்தைக் காட்டும் கோடுகளைப் பாருங்கள்: 2017இல் ஒரு பக்கமாகச் சுழல்கின்றன, 2018இல் அடங்குகின்றன, 2021இல் எதிர்ப்பக்கம்! 5.5 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் நடப்பது நமக்குத் தெரிகிறது. வளையத்திலிருந்து நமக்கு வருவது, காந்தப்புலத்தில் சுழன்றோடும் எலக்ட்ரான்கள் உமிழும் ரேடியோ அலை. அதிரும் தளமே புலத்தின் திசையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தச் செய்தியோடு 2019இன் பழைய ஆரஞ்சு வளையத்தை ஒட்டுகிறார்களே, எரிச்சலாக வருகிறது. அதில் கோடே கிடையாது. செய்தியே கோட்டில்தான் இருக்கிறது!

சரி, எனக்கு மிகவும் பிடித்த சிக்கலுக்கு வருகிறேன். சிலியில் இருக்கும் ஆல்மா தொலைநோக்கி. மற்றவை வலச்சுழல், இடச்சுழல் என்று வட்டமாகப் பதிவு செய்ய, ஆல்மா மட்டும் நேர்கோட்டுத் தளங்களில் பதிவு செய்கிறது. கூட்டத்திலேயே அதிக உணர்திறன் அதற்குத்தான், ஒதுக்கவும் முடியாது. அதன் பதிவை வட்டத்துக்கு மாற்றவே போல்கன்வர்ட் என்று தனி மென்பொருள் எழுதினார்கள். அப்புறம் கசிவு. வலச்சுழல் சமிக்ஞை கொஞ்சம் இடச்சுழல் வழிக்குள் ஒழுகும், தொலைநோக்கிக்குத் தொலைநோக்கி வேறு அளவில். அதை அளந்து கழிக்காவிட்டால், கருவி போட்ட கோலத்தைக் கருந்துளை போட்டதாக நம்பிவிடுவோம். இந்த 2017 தரவு ஏப்ரலில் பதிவானது. வளையம் 2019 ஏப்ரலில் வந்தது, கோடுகள் 2021 மார்ச்சில்தான் வந்தன. அதைத் தாமதம் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.

இருங்கள், அலைநீளத்தைச் சொல்லவே இல்லை. 1.3 மில்லிமீட்டர். வழியில் காந்தமேறிய பிளாஸ்மா (மின்னேற்றம் கொண்ட சூடான வாயு) இருந்தால் அலையின் தளத்தைத் திருப்பிவிடும். ஃபாரடே சுழற்சி, போன வீடியோவில் பார்த்தோமே. அலைநீளம் இரண்டு மடங்கானால் திருப்பம் நான்கு மடங்கு. 1.3 மில்லிமீட்டரிலும் முழுக்கத் தப்ப முடியாது. அதனால்தான் கோடுகள் திரும்பியதை முழுக்கப் புலத்தின் கணக்கில் எழுதாமல், இடையில் நிற்கும் பிளாஸ்மாவுக்கும் பங்கு இருக்கலாம் என்கிறது குழு. அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

0.87 மில்லிமீட்டருக்குப் போனால் திருப்பம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அந்த அலைநீளத்தில் தூரத்து கேலக்ஸி மையங்களைச் சோதனையாகப் பிடித்துவிட்டதாக 2024இலேயே அறிவித்தார்கள். எம்87இன் கோடுகளை அதில் பார்த்தே ஆக வேண்டும்!