கையாந்தகரையை நசுக்கிப் பார்த்துப் பறியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நம் குமரி மாவட்டத்துத் தோவாளைப் பூச்சந்தையில் குவிகிற கிரேந்தியும் செவ்வந்தியும் சூரியகாந்திக் குடும்பம். அதே குடும்பத்துச் செடி ஒன்று நம் வயல் வரப்பிலும் சானல் கரையிலும் யாரும் நடாமலே பூத்துக் கிடக்கிறது, அதுதான் கையாந்தகரை. புத்தகத்தில் கரிசலாங்கண்ணி, விளவங்கோடு பக்கம் கையோன்னி, எல்லாம் ஒன்றுதான். வள்ளலார் மிக உயர்வாகச் சொன்ன மூலிகை. தலைக்கு எண்ணெய் காய்ச்ச எங்கள் அம்மை இதைத்தான் பறித்துவரச் சொல்வாள். இன்றைக்கு நிறையப் பேர் வேறு எதையோ பறித்துக்கொண்டு போகிறார்கள், அதனால் அடையாளத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பூவை உற்றுப் பாருங்கள். சட்டைப் பொத்தானைவிடச் சின்ன வெள்ளைப் பூ. பார்க்க ஒரு பூ, ஆனால் விளிம்பில் மெல்லிசாக நிற்கிற ஒவ்வொரு வெள்ளைக் கீற்றும் ஒரு தனிப் பூ, நடுவில் நெருக்கியடித்து நிற்கிற பொடிகளும் ஒவ்வொன்றும் ஒரு பூ. இலைகள் எதிரெதிராக, காம்பு இல்லாத மாதிரி தண்டோடு ஒட்டி, நீளமாக இருக்கும், தடவினால் சொரசொரக்கும். இவ்வளவு பார்த்தும் சந்தேகமா? தண்டை ஒடித்து இரண்டு விரலுக்கிடையில் நசுக்கிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். பச்சையாக வந்த சாறு சில நிமிடத்தில் கறுத்து, விரல் நுனியில் மை தொட்ட மாதிரி நிற்கும்.

வெட்டுக்காயப் பூண்டுக்கும் ஓரம் வெள்ளைதான். ஆனால் அது காய்ந்த மேட்டில் வரும், பூ ஒரு சாண் நீளக் காம்பில் தனியாகத் தூக்கி நிற்கும், விதை பஞ்சு கட்டிப் பறக்கும். கையாந்தகரை விதைக்குப் பஞ்சு கிடையாது.

பெரிய குழப்பம் மஞ்சளாகப் பூக்கிற மஞ்சள் கரிசலாங்கண்ணியில்தான். சில வருஷம் முன்னால் ஒரு நர்சரியில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று கொடுத்ததை நம்பி வாங்கி வந்து தென்னை மூட்டில் நட்டேன். அடுத்த மழை முடிவதற்குள் அது விளை முழுக்கப் படர்ந்து, கிடந்த கீரையெல்லாம் அதன் அடியில் அழுகிப்போனது. இலையைக் கவனித்த பிறகுதான் புரிந்தது, பளபளப்பாக மூன்று மடலாகப் பிரிந்திருந்தது. அது சிங்கப்பூர் டெய்சி, மத்திய அமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்த செடி, உலகின் மிக மோசமான 100 அந்நிய உயிரினங்கள் என்று ஐ.யூ.சி.என். என்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட பட்டியலில் உள்ளது. உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணியான நம் பொற்றலைக் கையாந்தகரைக்கு இலை அப்படி மடல் பிரியாது, நீளமாகச் சொரசொரப்பாக இருக்கும். வாங்குமுன் இலையைத் தொட்டுப் பாருங்கள்.

சரி, சானல் கரையில் சும்மா கிடைக்கிறதை எதற்கு வளர்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். இப்போது அந்தத் தண்ணீரில் சாக்கடை கலக்கிறது, வரப்பில் களைக்கொல்லி அடிக்கிறார்கள். வாய்க்குப் போகிற கீரை வீட்டுத் தொட்டியில் வரட்டும்.

முற்றிப் பழுப்பாகிய பூத்தலையைக் கசக்கி, ஈர மண்ணின் மேலே தூவுங்கள், மண் போட்டு மூடவே கூடாது, இந்த விதைக்கு வெளிச்சம் பட்டால்தான் முளைப்பு வரும். தூவி முளைக்கவில்லை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் மூடியிருப்பார்கள். அவசரம் என்றால் நாலு விரல் நீளத் தண்டை வெட்டி, ஒரு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி ஊன்றுங்கள், கணுவிலிருந்தே வேர் விடும். மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு இந்த வழிதான் வசதி. தோட்டத்து மண்ணும் மக்கின சாணமும் போதும், உரம் எதுவும் வேண்டாம். தண்ணீரில் மட்டும் கருமித்தனம் கூடாது, வரப்புச் செடி அது, தொட்டிக்கு அடியில் ஒரு தட்டு வைத்துத் தண்ணீர் நிற்கவிட்டாலும் சந்தோஷமாக வளரும். நமக்கு இரண்டு மழையும் உண்டு, இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது போட்டால் தண்ணீர் ஊற்றுகிற வேலை பாதியாகக் குறையும்.

பறிக்கும்போது வேரோடு பிடுங்காமல் நுனியை மட்டும் கிள்ளுங்கள், பக்கக் கிளை வரும். அப்புறம் ஒன்றிரண்டு செடியைப் பூத்து முற்ற விட்டுவிடுங்கள், அதே தொட்டியில் விதை உதிர்ந்து கிடக்கும், அடுத்த மழைக்கு நீங்கள் தூவ வேண்டியிருக்காது.